அம்மா கேட்ட இரண்டாவது கதவு

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பூர்வகுடிகள் வாழும் எங்கள் கிரேவெல்லில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மருந்தைத் தேட மாட்டார்கள், மெர்லைத் தேடுவார்கள். நாய்க்குச் சொறி பிடித்தாலும் அவள்தான். மெர்ல் என் அம்மா. நான் டக்கி, கிளினிக் வண்டி ஓட்டுகிறவன். ஆகையால் அவளைப் பற்றிப் பெருமை பேச எனக்குத்தான் முதல் உரிமை. வேறு யாராவது பேச ஆரம்பித்தால் நடுவில் புகுந்து திருத்துவேன்.

அம்மா பிறந்தது ஆட்டுப் பண்ணையில், ரோமம் கத்தரிக்கும் கொட்டகைக்குப் பின்னால். வளர்ந்து, அதே பண்ணையில் முதலாளி வீட்டுத் துணிகளைத் துவைத்தாள். பிறகு எங்கள் மண்ணில் தங்கம் இருக்கிறது என்று சுரங்கம் வந்தது. ஆண்களுக்கு வேலை கிடைத்தது. கையில் காசு வந்ததும் கடையில் கோலாவும் பொட்டலத் தீனியும் வந்தன, பின்னாலேயே சர்க்கரை நோயும் வந்தது. அம்மாவின் அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டது. இறந்தவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை, அதனால் மாமா என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூரத்து நகரமான கல்கூர்லியில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே கிடந்து, ஊர் மண்ணை மறுபடி மிதிக்காமலே போய்ச் சேர்ந்தார். அவரைப் புதைத்துவிட்டு வந்த பிறகு அம்மா படிக்கக் கிளம்பினாள். என் தங்கை ரோஷெல் பள்ளிக்கூடம் முடித்த வருடம் அது. மகள் மூடிய புத்தகத்தை அம்மா திறந்தாள் என்று ஊரே கேலி செய்தது. அவள் ஊர்ச் சுகாதாரப் பணியாளராகச் சட்டையில் பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு வந்து இறங்கியபோது அதே ஊர்தான் கங்காரு வால் சுட்டு விருந்து வைத்தது.

சும்மா உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆள் இல்லை. கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்கு ஆரஞ்சுச் சுளை கொடுப்பது வழக்கம். ஒருநாள் அம்மா அந்தச் சுளைப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“விரலை நீட்டுறவனுக்குத்தான் சுளை. சர்க்கரை பார்க்காம ஒருத்தனும் தொடக் கூடாது.”

“ஜெயிக்கிற நேரத்துல ஊசியா, சித்தி?”

“கால் அழுகிப் போனா எந்தக் காலால உதைப்ப? நீட்டுடா.”

இவ்வளவு செய்தவளுக்கும் ஒரு இடத்தில் கை கட்டியிருந்தது. எங்களில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, பெயரையும் சொல்வதில்லை. எதிரே வந்தால் ஒருவர் பாதை மாறிப் போவார். சண்டையெல்லாம் இல்லை, அதுதான் எங்கள் மரியாதை. அம்மாவுக்குச் சொந்த மருமகன் ரோஷெலின் புருஷன் டெஸ்மண்ட் ஒருவன்தான். ஆனால் முறைக்கு மருமகன் ஆகிறவர்கள் ஊரில் பாதி ஆண்கள். சுரங்கக்காரர்கள் கட்டிக் கொடுத்த கிளினிக்கோ ஒரு இரும்பு அறை, அதற்கு ஒரே கதவு, கதவை ஒட்டி அம்மாவின் மேஜை. அந்த ஆண்கள் கட்டடத்தின் மூலை வரை வருவார்கள், எட்டிப் பார்க்காமலே ஒருமுறை இருமுவார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். ஆண்களுக்கு உடம்பில் அக்கறை இல்லை என்று ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுரங்க மேலாளர் ட்ரெவரிடம் அம்மா இன்னொரு கதவு கேட்டாள்.

“ஒரு அறைக்கு ஒரு கதவு. கணக்கு சரியாத்தானே இருக்கு மெர்ல்?” என்றார்.

அவள் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் சுரங்க லாரியில் ஒரு திரைச்சீலை வந்தது. நீலத் துணி, அது முழுக்கப் பாய்மரப் படகுகள். நடுப் பாலைவனத்தில் இருக்கிற எங்களுக்கு!

“மனசு நல்ல மனசுதான். புத்திதான் பாதி வழியில நின்னுடுச்சு,” என்று சொல்லி, அம்மா அதை மடித்து அலமாரியில் வைத்தாள்.

டெஸ்மண்டுக்கு நெஞ்சு வலி வந்தது கிளினிக்கின் ஒரே நர்ஸ் விடுப்பில் போயிருந்த வாரம். மழை பெய்து ஊருக்கு வரும் சாலை சேறாகிக் கிடந்தது. விடிகாலையிலேயே வலி ஆரம்பித்திருக்கிறது. கிளினிக்குள்ளே அம்மா இருக்கிறாளே என்று வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான் மடையன். மத்தியானம் ரோஷெல் அவனைக் காரில் தள்ளிக்கொண்டு வந்து கிளினிக் வாசலில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வியர்த்து, சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தான்.

“இறங்கு மச்சான்.”

“உள்ள யாரு?”

“நர்ஸ் இல்ல. வேற யாரு இருப்பாங்க?”

“அப்ப நான் இங்கயே இருக்கேன்.”

“இங்கயே இருந்தா செத்துடுவடா.”

“சாவறேன். அவங்களத் தலைகுனிய வச்சுட்டு நான் உசுரோட திரியணுமா?”

எனக்கு வந்த கோபத்துக்கு, நோயாளி என்றும் பார்க்காமல் அறைந்திருப்பேன். அதற்குள் உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“டக்கி, அந்தப் படகுத் துணிய எடு.”

மின்விசிறிக் கொக்கியிலிருந்து ஜன்னல் கம்பிவரை கயிறு இழுத்து, அறைக்கு நடுவில் திரையைக் கட்டினோம். மருந்துப் பெட்டியோடும் தொலைபேசியோடும் அம்மா திரைக்குப் பின்னால் போனாள்.

“நான் சுவரைப் பார்த்துத் திரும்பிட்டேன். ரோஷெலை, அவ வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரச் சொல்லு.”

அவனைப் படுக்க வைத்தோம். அம்மா என்னிடம் சொல்வாள், நான் செய்வேன். ஆஸ்பிரினை மென்று விழுங்க வைத்தேன், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினேன். இதயத் துடிப்பைக் கோடாகப் போட்டு இயந்திரம் துப்பிய காகிதத்தைத் திரைக்கு அடியில் தள்ளினேன். அவள் அதைப் படித்துக் கல்கூர்லி டாக்டருக்கு ஸ்பீக்கர் போனில் சொன்னாள். நல்ல மனிதர், பதறாமல் பேசினார்.

“ரத்தக் கட்டி அடைச்சிருக்கு மெர்ல். மருத்துவ விமானம் வர்ற வரைக்கும் காத்திருந்தா இதயம் தாங்காது. கட்டியைக் கரைக்கிற மருந்த இப்பவே நரம்புல ஏத்தணும். உங்களால முடியும், நான் லைன்லயே இருக்கேன்.”

நரம்பில் ஊசி ஏற்றத் தெரிந்தவள் அந்த அறையில் அம்மா ஒருத்திதான். நான் ஸ்டியரிங் பிடிக்கிறவன். ரோஷெல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு ஒரு பக்கம் மகளின் வாழ்க்கை, மறுபக்கம் பிறந்ததிலிருந்து காத்த முறை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போகும். “மெர்ல், இருக்கீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. ஒரு படகின் பாயை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்தாள்.

“கையுறை போட்டிருக்கேன், தோல் தோல்மேல படாது. முழங்கை வரைக்கும் இதுக்குள்ள விடச் சொல்லு. அதுக்கு மேல நான் எதையும் பார்க்க மாட்டேன்.”

டெஸ்மண்ட் என்னைப் பார்த்தான்.

“என்னை ஏன்டா பார்க்கற? கைக்கு என்ன மூஞ்சியா இருக்கு? விடு.”

அந்த வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. கையை விட்டான். அம்மா ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள். டாக்டர் சொல்லச் சொல்ல மருந்தை ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் அவன் முகத்துக்கு நிறம் திரும்பியது. அதை நான் சொன்னபோது திரைக்குப் பின்னால் அம்மா தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. விமானம் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

நடந்ததை விசாரிக்க ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். திரையைப் பிரிக்கச் சொன்னார்கள், ஓட்டையைப் பார்த்தார்கள், ஒருவர் தன் கையை விட்டு அளந்தார்.

“கை மட்டும்தானே வந்துச்சு?”

“கை மட்டும்தான்,” என்றேன்.

“அப்ப டீ போடச் சொல்லு.”

ட்ரெவர் வந்தபோது அம்மா அதே திரையை அவருக்கு முன்னால் தொங்கவிட்டாள். “நீ குடுத்த துணிதான் ஒரு உசுரைக் காப்பாத்துச்சு. அதுக்கு நன்றி. இப்பக் கதவு குடு.” அவர் அந்த ஓட்டையைப் பார்த்தார், பின்சுவருக்குப் போய்க் கதவுக்கு அளவெடுத்தார். இந்த முறை கணக்குப் பேசவில்லை.

டெஸ்மண்ட் சுரங்கத்தில் வெல்டர். உடம்பு தேறி வந்ததும், கதவு வெட்ட வந்த ஆட்களோடு அவனும் வந்தான். அன்று அம்மா பெண்களைச் சேர்த்துக்கொண்டு உடும்பு பிடிக்கப் போய்விட்டாள். பின்சுவரை அறுத்தது அவன்தான், அறை நடுவே தகரத் தடுப்பு வைத்ததும் அவன்தான். தடுப்பில் காகிதம் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு விட்டான். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஆண்கள் பக்கத்துக்கு இப்போது நான்தான் பொறுப்பு. அம்மா விரட்டி விரட்டிப் படிக்க வைத்தாள். “வண்டி டயருக்குக் காத்து பார்க்கிறவன் ரத்த அழுத்தம் பார்க்க மாட்டியா?” என்பாள். பின்கதவில் ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள், மூலையில் நின்று இருமுகிறவர் யாரும் இல்லை. மாதம் தவறாமல் டெஸ்மண்டும் வருகிறான். நான் ஒயர்களை ஒட்டி, வந்த காகிதத்தைப் பிளவில் நுழைக்கிறேன். அந்தப் பக்கம் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டுகிறாள்.

“இந்த மாசம் பெயரே எழுதாம அனுப்பிட்டேன், இது யாரோடதுன்னு தெரியுதா?” என்று போனமுறை சீண்டிப் பார்த்தேன்.

“என் மக வீட்டுக்காரரோடது,” என்றாள் உடனே. “அவர் மூஞ்சி எனக்குத் தெரியாது. இது தெரியும். உப்பைக் குறைக்கச் சொல்லு.”