கோபமே இல்லாத மனிதர்

வெளிநாட்டுத் தொழிலாளர்களை விரட்ட வேண்டும் என்று இணையத்தில் கத்தியே பேர் வாங்கியவர் அவர். இரண்டு முறை அவர் பக்கத்தை முடக்கினார்கள். புதுப் பக்கத்தில் கூட்டம் இன்னும் கூடியது. அவர் பேச்சைக் கேட்ட சிலர், கிள்ளான் பாசாரில் ஒரு வங்காளதேசியின் காய்கறிக் கடையை உடைத்துப் போட்டார்கள்.

ஒருநாள் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய குரல். அடிக்கடி கைப்பேசியில் முகம் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டார். ரசம் ஊற்றிய வங்காளதேசித் தொழிலாளியிடம், "தேங்க்யூ தம்பி" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவங்களையா அண்ணே விரட்டச் சொல்றீங்க? கிள்ளான்ல கடையையே உடைச்சிட்டாங்களே!"

"எனக்கு இவங்க மேல கோபமே இல்ல லா. கத்தினாத்தான் நம்ம பக்கத்த ஆளுங்க பாக்குறாங்க," என்று சிரித்தார்.

கடையை உடைத்தவர்களாவது அவர் சொன்னதை நம்பினார்கள். தானே நம்பாததை ஊருக்குள் கொளுத்திப் போட்ட மனிதர், நிதானமாக இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.