கோயம்புத்தூருக்குத் தினம் ஒரு கடிதம்

டில்லிப் பிரதிநிதி என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். அமைச்சக வராந்தாவில் காத்திருப்பதுதான் அந்த வேலை. முதலாளி ஓர் ஊரிலும் நீங்கள் வேறோர் ஊரிலுமாகக் காலம் தள்ளியவர்களானால் என் பாடு உங்களுக்குப் புரியும். எழுபதுகளின் நடுவில், கோயம்புத்தூர் பம்புசெட் கம்பெனி ஒன்றுக்கு டில்லியில் நான் ஒருவனேதான் ஆபீஸ்.

நகராத கோப்பு

வெளிநாட்டு இயந்திரத்துக்கு இறக்குமதி லைசென்ஸ் வாங்க வேண்டும். கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று காலையில் போய்ப் பார்ப்பேன். மாலையில் சரோஜினி நகர் வீட்டில் உட்கார்ந்து முதலாளிக்குக் கடிதம் எழுதுவேன். மூன்று மாதமாக ஒரே மேஜை. "இன்றும் கோப்பு நகரவில்லை" என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கும். என் மனைவி திருநெல்வேலிக்காரி. ஒருநாள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு வச்சுக்கிட வேண்டியதுதான?"

ஆக்ரா போன திங்கட்கிழமை

அவள் வேடிக்கையாகச் சொன்னதை நான் கிட்டத்தட்ட செய்தே விட்டேன். மாமனார், மாமியார் வந்திருந்தார்கள். ஞாயிறும் திங்களும் ஆக்ரா. சனிக்கிழமையே திங்கட்கிழமைத் தேதி போட்டு, "இன்று அதிகாரியைச் சந்தித்தேன். ஆவன செய்வதாகச் சொன்னார்" என்று எழுதி, திங்கள் மாலை தபாலில் போடும்படி கீழ்வீட்டு சர்தார்ஜியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அந்தத் திங்கட்கிழமை பார்த்து முன்னாள் அமைச்சர் ஒருவர் காலமாகி, அரசு அலுவலகங்களுக்குத் திடீர் விடுமுறை. தாஜ்மகால் வாசலில் நின்றவனுக்கு இது எப்படித் தெரியும்?

வியாழனன்று சர்தார்ஜி வீட்டுக்கு டிரங்க் கால். "மதராஸி பாய், ஜல்தி!" என்று கத்தினார். பேசியது ரங்கநாயகி அம்மாள். தலைமை ஆபீசில் தபாலைப் பிரித்து முதலாளி மேஜையில் வைப்பவர். எனக்கு அவர் குரல் மட்டுமே தெரியும். விடுமுறை விஷயம் செவ்வாயன்றே எனக்குத் தெரிந்துவிட்டதால், வேலை போச்சு என்றே நினைத்தேன். மூத்த மகளைப் போன வாரம்தான் பள்ளியில் சேர்த்திருந்தோம். அந்த அம்மாள் திட்டவில்லை, மறைக்கவும் சொல்லவில்லை. "திங்கக்கிழமை அங்க ஆபீசே லீவுன்னு ரேடியோவுல சொன்னாங்க. இந்த லெட்டரை உள்ள வெக்கட்டுங்களா, இல்ல நீங்களே வேற எழுதி அனுப்பறீங்களா?"

ஒரு கார்டு

சனிக்கிழமை எழுதியது, ஆக்ரா போனது எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி அன்றே அனுப்பினேன். பத்து நாள் பதில் இல்லை. தினமும் தபால்காரருக்காக வாசலிலேயே நின்றேன். பதினோராம் நாள் முதலாளியின் கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது: "போகாத நாளில் போகவில்லை என்றே எழுதவும். தாஜ்மகால் எப்படி?"

முருங்கைக்காய்

அதிலிருந்து ஒன்றுவிடாமல் எழுதினேன். ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாரி விடுப்பில் இருந்ததால் பதினொரு மணிக்கே திரும்பி, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கியதைக்கூட எழுதினேன். முதலாளியின் நண்பர் ஒருவர் அப்போது சாணக்யபுரி விருந்தினர் இல்லத்தில் தங்கியிருந்தார். ரயிலடியில் போய் அவரை அழைத்து வந்ததே நான்தான். அப்பளம் வாங்க அங்கே வந்தவர், பையும் கையுமாக நின்ற என்னைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போனதும் "உங்க டில்லி ஆளு வேலை நேரத்துல காய் வாங்கிட்டுத் திரியறானுங்க" என்று போட்டுக்கொடுத்துவிட்டார்.

முதலாளி சொன்ன பதிலை ரங்கநாயகி அம்மாள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை இரண்டே தடவை நேரில் பார்த்த மனிதர், இருபது வருஷ நண்பர் முன்னால் என் கடிதத்தை எடுத்து வைத்தாராம்: "செவ்வாய்க்கிழமைதானுங்க? தெரியுமுங்க. முருங்கைக்காய்."

வேலை நடக்காத நாட்களை ஒழுங்காக எழுதியே பதினொரு வருஷம் வேலையில் நீடித்தவன் டில்லியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.