அர்ச்சுனன் படித்த இரண்டு தந்திகள்

அர்ச்சுனன் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை மூன்று முறை எழுதினான். மூன்று முறையும் இங்கிலீஷில்தான் போயிற்று. போளூரில் விடுதியில் தங்கிப் படித்தவன், மலையிலிருந்த தன் ஊருக்குத் திரும்பிச் சாமை விதைக்கத் தொடங்கினான். ஆனாலும் அந்த இருபது வீட்டில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஃபாரஸ்ட் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எது வந்தாலும், ஏர் பிடித்துக்கொண்டிருப்பவனை நிறுத்திக் கையில் கொடுப்பார்கள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

1978 சித்திரையில் அதே ஊர்க்காரர் தேவராஜ் ஒரு தந்தியோடு வந்தார். அவருடைய அண்ணன் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ‘பாஸ்டு அவே’ என்று அடித்திருந்தது. பாஸ் என்றால் தேறுவது. அதற்காகத்தானே மூன்று வருஷம் அவன் அலைந்தான். அவே என்றால் அப்பால். கண்டத்தைத் தாண்டிவிட்டார் என்று எடுத்துக்கொண்டான்.

“பொழச்சிக்கினாருங்க, பயப்படாதீங்க.”

தேவராஜ் புளி உலுக்கி முடித்து, நான்காம் நாள்தான் கிளம்பினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரும்பி வந்தவர் திட்டவில்லை. “மொகத்த பாக்கலப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அர்ச்சுனனுக்கு ஆறியிருக்கும். வாரக்கணக்கில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடியில் செல்லியம்மாளுக்குத் தந்தி வந்தது. புருஷனை இழந்தவள். ஒரே மகன் ரங்கசாமி பட்டாளத்தில் சேர்ந்து பெங்களூரில் பயிற்சியில் இருந்தான். ‘ரங்கசாமி பாஸ்டு அவுட்’ என்று இருந்தது. மறுபடியும் அதே சொல். அவுட் என்றால் ஆட்டத்தை விட்டுப் போவதுதானே.

“இன்னா போட்டிருக்குது, அர்ச்சுனா?”

“அத்தே, நீ மொதல்ல உக்காரு.”

அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பொழுது சாயும்வரை மண்ணில் புரண்டு அழுதாள். மறுநாள் விடிந்ததும் எழுந்து, “ஒடம்ப எங்க குடுப்பாங்கன்னு கேக்கணும், வா” என்றாள். இருவரும் காட்டு வழியாக இறங்கி, வண்டி பிடித்துப் போளூர் தபால் ஆபீசுக்குப் போனார்கள்.

அங்கிருந்த குமாஸ்தா தந்தியை வாங்கிப் பார்த்தார். “செத்துட்டான்னு யாரும்மா சொன்னது? பயிற்சி முடிச்சிட்டான்னு போட்டிருக்குது.”

“பாஸ்னா சாவுன்னு...” என்று இழுத்தான் அர்ச்சுனன்.

“அது பாஸ்டு அவே. இது பாஸ்டு அவுட். ஒருத்தன் மயக்கம் போட்டு வுழுந்தாலும் இதேதான் போடுவாங்க.”

“அப்ப எதுன்னு எப்பிடிங்க தெரியும்?”

“எங்கேர்ந்து வந்துக்கீது, இன்னா சேதின்னு பாத்துதான்பா புரிஞ்சிக்கணும்.”

செல்லியம்மாள் அவரிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தாள். திரும்பி மலை ஏறும்போது பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒம்மேல கோவம் இல்லடா. நேத்தே அவன அழுது முடிச்சிட்டேன். இன்னிக்கி சந்தோசப்படணும்னா ஒடம்புல தெம்பு இல்ல. கொஞ்சம் மெதுவா நட.”

தீபாவளிக்கு ரங்கசாமி லீவில் வந்தான். நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். செல்லியம்மாள் அவன் தோளையும் கையையும் தடவிக்கொண்டிருந்தாள். அர்ச்சுனன் அங்கே நிற்க முடியாமல் சாமை விதைத்த கொல்லிக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் எந்தக் காகிதத்துக்கும் அர்த்தம் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் ஆட்கள் வந்தார்கள். தனியாக ஆபீசுக்குப் போக அவர்களுக்குப் பயம். அவனே கூடப் போய், தெரிந்தவர்களிடம் காட்டி, இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு திரும்புவான். பத்து வருஷத்தில் எத்தனை முறை இறங்கி ஏறியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. நாற்பது வயதிலேயே முழங்கால் வீங்கிவிட்டது.

“நம்ம கொல்லில களை மண்டிக் கெடக்குது. நீ ஊரார் காகிதத்த தூக்கிக்கினு கெளம்பிட்ட” என்பாள் அவன் மனைவி கெங்கம்மாள்.

“போய்ட்டு வந்து எடுக்கறேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வான். ஒவ்வொரு வருஷமும் களையை அவளேதான் எடுப்பாள்.