அப்பாவின் ஹாரனும் நிவேதாவின் ஸ்பைக்ஸும்

எங்கள் அப்பா கரையாம்புத்தூரில், கூலிக்குக் கரும்பு வெட்டிய குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்குப் போனார். அம்மாவைக் கைப்பிடித்த பிறகு அரியூர்ப் பக்கம் குடிவந்தார். மூத்தவள் நான். வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் தங்கை நிவேதா. முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களான உங்களுக்கு அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவளைப் பற்றித்தான் எழுத வருகிறது. என்ன செய்ய, அவருடைய பிற்பாதி வாழ்க்கையே அவளுடைய ஓட்டம்தான்.

பள்ளி விளையாட்டு விழாவில், எண்ணூறு மீட்டரில் அவள் பெரிய வகுப்புப் பெண்களை முந்திய நாளோடு அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. விடியுமுன்னே, "ஏந்திரி நிவி, வெளுக்கப் போவுது" என்பார். ஏரிக்கரையில் அவள் ஓட, பின்னால் மொபெட்டில் வெளிச்சம் காட்டிக்கொண்டு இவர். வேகம் குறைந்தால் ஹாரன் அடிப்பார்.

"இன்னாபா, மாட்ட ஓட்டினு போறமாரி பொண்ண ஓட்டினு போற?" என்று பால்காரர்கள் கேலி செய்வார்கள்.

"மாடாயிருந்தா கயிறு போட்டுப் புடிப்பேன். இத புடிக்க முடியலியேபா!" என்று சிரிப்பார். பிறகு வேலைக்குப் போவார். நாளெல்லாம் பலகை சுமந்துவிட்டு மாலையில் மறுபடியும் மைதானத்தில் நிற்பார்.

நிவேதா பெரியவளானபோது நீங்கள் எல்லோரும் சீரோடு வந்தீர்கள். "இனிமே அர டவுசர் போட்டுனு ஓட வுடாத" என்று புத்தியும் சொன்னீர்கள். அப்பா எல்லோருக்கும் இலை போட்டு நன்றாக உபசரித்தார். மறுநாள் நீங்கள் வைத்த மொய்ப்பணத்தை எடுத்துக்கொண்டு பாண்டிக்குப் போய், அவளுக்கு அடியில் முள் வைத்த ஸ்பைக்ஸ் ஷூ வாங்கி வந்துவிட்டார். கம்மல் எடுக்கலாம் என்றிருந்த அம்மா சில நாள் அவருக்குச் சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தார்.

தேசியப் போட்டிக்குத் தேர்வு நடந்த அன்று காலை அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. நம் வீடுகளில் யார் அதை நெஞ்சுவலி என்று சொல்லியிருக்கிறோம்? எல்லாம் வாய்வுதான். ஓமத்தண்ணீர் குடித்தார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா" என்று நிவேதா கெஞ்சினாள்.

"கேஸுடி. நீ ஓடி முடி, போலாம்" என்று அவரே மொபெட்டை ஓட்டிப்போனார். அவள் ஓடித் தேர்வானாள். திரும்பிக் கேலரியைப் பார்த்தால் அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் கூட்டம். அன்று மாலையே எங்களை விட்டுப் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்த இடத்தில், "பொண்ண ஓட வுட்டு உசுர வுட்டுட்டான்" என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். யார் என்று எழுதப் போவதில்லை. அது அவள் காதில் விழுந்தது. உள்ளே போய் அந்த ஸ்பைக்ஸை எடுத்துவந்து, பாடையில் அப்பாவின் காலடியில் வைத்தாள். போகிறவரோடு போகட்டும் என்று நாங்களும் தடுக்கவில்லை.

தேசியப் போட்டிக்கு அவள் போகவில்லை. இந்த ஒரு வருடமாக ஏரிக்கரைப் பக்கமே திரும்பவில்லை. அம்மா அழுது பார்த்தார், நான் திட்டிப் பார்த்தேன். "நான் ஓடலன்னா அப்பா இருந்திருப்பாருக்கா" என்கிறாள். அடுத்த மாதம் மறுபடி தேர்வு வருகிறது. அவள் வயதுப் பிரிவில் அதுதான் கடைசி.

அன்று அப்பாவைக் கேலரியிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடிய, பெயர் தெரியாத மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எங்கள் நன்றி. எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் நன்றி. சித்தப்பாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சுடுகாட்டில் வரட்டி அடுக்கும்போது அந்த ஷூவை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டவர் அவர். போன வாரம்தான் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க அண்ணன் இத கூட எடுத்துனு போவ ஒத்துக்க மாட்டாரு அண்ணி" என்றார்.

அதை இன்றைய படையலில், அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்புக்குப் பக்கத்தில் வைக்கிறோம். நிவேதாவிடம் இன்னும் சொல்லவில்லை. காலில் போடுவதைப் படையலில் வைப்பதா என்று முகம் சுளிக்காதீர்கள். அது நீங்கள் வைத்த மொய்யில் வாங்கியது. அவள் அதைப் பார்க்கும்போது போன வருடம் சொன்னதை மட்டும் யாரும் திரும்பச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறோம். ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், "ஏந்திரி நிவி, வெளுக்கப் போவுது" என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் குரல் வரவில்லை.