அண்டா அக்காவின் பதினெட்டு

மெழுகுவத்திப் பட்டறையில் எனக்குத் திரி கோர்க்கிற வேலை. மத்தியானம் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்வது என் வழக்கம். திரும்பி வந்தால் என் அச்சுச் சட்டத்தில் நான் விட்ட இடத்தைத் தாண்டி நாலைந்து திரி கோர்த்திருக்கும். கடவுள்தான் என் கையை வேகமாக ஓட வைக்கிறார் என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நடுவில் தும்மல் வந்து கண்ணைத் திறந்தபோது பார்த்தேன். மெழுகு காய்ச்சுவதால் நாங்கள் அண்டா அக்கா என்று கூப்பிடுகிறவர், கொதிக்கிற அண்டாவை விட்டு வந்து, குனிந்து, என் சட்டத்தில் திரி இழுத்துக்கொண்டிருந்தார்.

"தும்மினா சாமி கோவிச்சுக்காது. போய் மிச்சத்தை முடி" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவர் பழி வாங்கிய கதைதான் இது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

பட்டறையை ஆரம்பித்தவர்கள் அக்காவின் கணவரும் அவருடைய தம்பியும். கணவர் இறந்த பிறகு தம்பி முதலாளி ஆனார். அக்கா இருபத்திரண்டு வருடமாக நின்ற இடத்திலேயே நின்றார், அண்டாவுக்கு முன்னால்.

எங்கள் ஊர் கடலை ஒட்டிய ஊர். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சாதாரண மெழுகில் வத்தி செய்தால் பெட்டிக்குள்ளேயே ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் மெழுகைக் கெட்டியாக்க ஒரு வெள்ளைச் செதிலைக் கலக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு அக்காவிடம் தராசு கிடையாது. கரண்டியில் ஒரு சொட்டு எடுத்துக் கல் தரையில் விடுவார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். பதினெட்டு எண்ணும்போது சொட்டு வெளுத்தால் பதம் சரி. முந்தி வெளுத்தால் செதில் கூடிவிட்டது, பிந்தினால் குறைந்துவிட்டது. அவ்வளவுதான் கணக்கு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வத்தி வளைந்தது என்று யாரும் திருப்பிக் கொண்டு வந்ததில்லை.

ஒரு மாதம் முழுக்கக் கொழுந்தனார் அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நோட்டில் எழுதினார். அக்காவும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார், வீட்டு ஆள்தானே என்று. மாதம் முடிந்த அன்று நாங்கள் பதினாறு பெண்களும் பார்க்க, ஒரு காலத்தில் தன் அண்ணன் பிடித்த பெரிய கரண்டியை அக்கா கையிலிருந்து வாங்கினார்.

"அண்ணி, நீங்க வீட்டுல ஓய்வெடுங்க. இனிமே நானே பாத்துக்கறேன்."

"எனக்கென்ன வயசாச்சு, தம்பி?"

"வயசு இல்ல அண்ணி. இதென்ன பெரிய வித்தையா? எண்ணத் தெரிஞ்சா போதும்."

யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அந்த நிமிடத்தை நினைத்து இன்றைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தார். மெழுகு காய்ந்த கை, துடைத்தாலும் போகாது.

அடுத்த வருடமே கொழுந்தனார் பட்டறைக் கட்டிடத்தை விற்றுவிட்டு, தன் மனைவி பிறந்த ஊருக்குக் கிளம்பினார். அது மலைமேல் இருக்கிற ஊர். ரயிலில் இரண்டு நாள், பிறகு பஸ்ஸில் ஒரு முழு நாள் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். வருடத்தில் பாதி பனி, பனி விழுந்தால் கரண்ட் போய்விடும். சீக்கிரமே இருட்டிவிடும். அங்கே மெழுகுவத்தி போடுகிற ஆளே இல்லை. இங்கே வெயிலோடு மல்லுக்கட்டுவதை விட அங்கே உட்கார்ந்த இடத்தில் விற்கும் என்பது அவருடைய யோசனை. எங்கள் பதினாறு பேருக்கும் வேலை போனது.

சாமான் ஏற்றுகிற அன்று அக்காவும் வந்தார். அண்டா, அச்சு, கரண்டி எல்லாம் லாரியில் ஏறின. நோட்டு கொழுந்தனார் சட்டைப் பையில் இருந்தது. அக்கா காலியான பட்டறையில் நின்று தரையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"என்ன அண்ணி, எதையாவது விட்டுட்டமா?" என்றார் கொழுந்தனார், சிரித்துக்கொண்டே. "எல்லாம் இதுல இருக்கு" என்று சட்டைப் பையைத் தட்டினார்.

அக்கா வாயை மூடிக்கொண்டார். லாரி தெரு முனை திரும்பிய பிறகுதான் என்னிடம் சொன்னார்.

"எல்லாத்தையும் ஏத்திட்டாரு. தரையை மட்டும் கழட்டிட்டுப் போகல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா விளக்கிய பிறகுதான் புரிந்தது. பதினெட்டு என்பது இந்த ஊர் வெயிலில் கிடந்த தரைக்கு. பனிக்கட்டி மாதிரி இருக்கிற தரையில் சொட்டு ஐந்தாறு எண்ணுவதற்குள் வெளுத்துவிடும். அவர் நோட்டைப் பார்ப்பார், செதில் கூடிவிட்டது என்று குறைப்பார். இன்னும் குறைப்பார். பதினெட்டு வரும் வரைக்கும் குறைத்துக்கொண்டே போவார்.

"அக்கா, ஒரு போன் போட்டுச் சொல்லிடலாமே. பாவம்."

"எண்ணத் தெரிஞ்சா போதும்னு அவருதான சொன்னாரு? எண்ணட்டும்."

பட்டறையை வாங்கியவர் பின்பக்கத்துச் சாமான் அறையை அக்காவுக்கு வாடகைக்கு விட்டார். அங்கே ஒரு சின்ன அடுப்பு வைத்து, அக்கா காய்ச்ச, நான் திரி கோர்க்க, நாளுக்கு ஐம்பது வத்தி போட்டோம். மலைக்குச் சரக்கு ஓட்டுகிற லாரிக்காரர் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். ரகசியம் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும் என்பதால் அவருக்கு ஹாரன் என்று பெயர். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, வேதம் கேட்கிற மாதிரி உட்கார்ந்து கேட்பார்.

"அங்க எப்படிப்பா குளிரு?"

"இங்க வேர்வை துடைக்க ஒரு கை தனியா வேணும். அங்க மூக்கு துடைக்க ஒரு கை தனியா வேணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

"வீட்டுக்குள்ள?"

"உள்ள எந்நேரமும் அடுப்பு எரியும். அதைச் சுத்தித்தான் குடும்பமே உக்காரும்."

அக்கா என்னைப் பார்த்தார். செதில் குறைந்த கொழுந்தனார் வத்தி பட்டறைக் குளிரில் இரும்பு மாதிரி நிற்கும். வீட்டுக்குள் போனதும் தெரியும் சங்கதி.

"ஜனம் எவ்வளவு?"

"எண்ணி மூவாயிரம். நம்ம மார்க்கெட் தெருவுல ஒரு காலை நேரத்துக்கு நிக்கிற கூட்டம்கூட இல்ல. ஒருத்தன் வீட்டுல சட்டி உடைஞ்சா மத்தியானத்துக்குள்ள எல்லாரும் துக்கம் விசாரிச்சு முடிச்சிருப்பாங்க."

மறுமாதம் ஹாரன் வந்தபோது டீயைக்கூடத் தொடாமல் ஆரம்பித்தார். பனி விழுந்து கரண்ட் போயிருக்கிறது. ஊரே கொழுந்தனார் வத்தியை வாங்கிப் போய் அடுப்புப் பக்கத்தில் ஏற்றியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எல்லா வீட்டிலும் வத்தி இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டிருக்கிறது. ஒரு வீட்டில் மேஜை விரிப்பு கருகியிருக்கிறது. "அந்த ஊர்ல இப்ப அவருக்குப் பேரே 'கும்பிடு'தான். தெருவுல போனா எதிர்ல வர்றவன் வேணும்னே குனிஞ்சு காட்டறான்."

அக்கா சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நானும் சிரித்தேன். எங்கள் ஊராக இருந்தால் கெட்ட சரக்கு இத்தனை லட்சம் பேருக்குள் எங்கேயாவது கரைந்து போயிருக்கும், பேரும் தப்பியிருக்கும். மூவாயிரம் பேரில் எங்கே போய் ஒளிவது? அதையும் நினைத்துச் சிரித்தேன். பிறகு வீட்டுக்குப் போய் முழங்கால் போட்டேன். வார்த்தை வரவில்லை.

கொழுந்தனார் வந்தது ஒரு சாயங்காலம். ஆள் பாதியாகியிருந்தார். எங்கள் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். முன்பெல்லாம் செருப்போடுதான் வருவார்.

"அண்ணி, எங்க தப்பு நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்ன மாதிரியேதான் செய்யறேன்."

அக்கா ஒரு சொட்டு எடுத்துத் தரையில் விட்டார். அதே பட்டறையின் அதே கல்.

"எண்ணுங்க."

எண்ணினார். பதினெட்டில் வெளுத்தது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் பதினெட்டு. மூன்றாவது முறை எண்ணும்போது அவர் குரல் உடைந்தது. எனக்குத் தாங்கவில்லை. "அக்கா..." என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கையிலிருந்த திரியைக் கீழே போட்டுவிட்டேன்.

"சரியா வருதா தம்பி?"

"சரியாத்தான் வருது."

"அப்புறம் என்ன? எண்ணத் தெரியுதே உங்களுக்கு. அது போதுமே."

கொழுந்தனார் குனிந்து அந்தச் சொட்டையே பார்த்தார். அந்தக் கல்மேல் நின்றுகொண்டேதான் கேட்டார், காலுக்கு அடியில் இருந்த பதில் மட்டும் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் அவருடைய அண்டா, அச்சு, கரண்டி எல்லாவற்றையும் அந்த ஊர் மளிகைக் கடைக்காரர் வாங்கிவிட்டதாக ஹாரன் சொன்னார். கடைக்காரருக்குக் காய்ச்ச ஆள் வேண்டும். ஹாரன் யார் பேரைச் சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அக்காவை வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனேன். கம்பளிச் சட்டையை இப்போதே போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"அங்க எத்தனை எண்ணணும்னு தெரியுமாக்கா?"

"தரையில கை வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

ரயில் நகரப் போகிற நேரத்தில், வெகுநாளாக மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அவரை மன்னிச்சிடுங்கக்கா. எனக்காக."

அக்கா ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. கடைசியாக அவர் சொன்னது இதுதான்:

"மன்னிக்காம என்ன. மூவாயிரம் பேருதான் அந்த ஊர்ல, அவரும் அதுல ஒருத்தரு. கரண்ட் போற அன்னைக்கு என்கிட்டதான் வந்து நிக்கணும். அன்னைக்கு மன்னிக்கறேன். வளையாத வத்தியா ஒண்ணு பாத்து எடுத்து, அவர் கையில குடுத்துட்டு மன்னிக்கறேன்."