அண்ணன் மீதி வைத்த மாத்திரை

மிக்கேலம்மாள் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் அண்ணன் சின்னப்பனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த பெரியப்பா சொல்லித்தான். "பொண்ணு நல்லாத்தான் இருக்குது. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. நாங்க காப்பி குடிக்கறதுக்குள்ள மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துருச்சு" என்றார். அப்படியே ஏரியூருக்கு அண்ணியாக வந்தார். கோயிலில் பிரசங்கம் நீண்டால்கூட எழுந்து வெளியே ஒரு நடை போய்விட்டு வருவார்.

எண்பத்தெட்டாம் வருஷம் அண்ணன் ரத்தக்கொதிப்பு முற்றி இறந்தார். முப்பதாம் நாள் பூசை முடிவதற்குள் அண்ணிக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. கடலைக்காட்டில் விழுந்தார். கிணற்றடியில் விழுந்தார். பொம்மிடியில் ரயில்வே வேலையிலிருந்த மகன் வியாகுலம் வந்து, "இன்னொரு தரம் வுழுந்தீன்னா காட்டைக் குத்தகைக்கு வுட்டுட்டு உன்னக் கூட்டிக்கினு போயிடுவேன்" என்றான். அவன் குடியிருந்தது மாடியில் ஒரே ஒரு அறை. அதைக் கேட்டபின் அண்ணி முன்னைவிட அதிகம் நடந்தார். விழமாட்டேன் என்று காட்டவே நடந்தார்.

தருமபுரிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அங்கே டாக்டராக இருந்த கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். வயசானவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை அதில் தட்டினால், எதோடு எது சேரக்கூடாது என்று சொல்லும்.

"உக்காருங்க அண்ணி."

"உக்காந்தா எந்திரிக்கறப்பதாம்மா சுத்துது."

கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விகளைத் தமிழில் கேட்டுத் தட்டுகிறவர் குப்புராஜ் என்ற கிளார்க். கால் வீக்கத்துக்குத் தந்திருந்த மாத்திரையை அண்ணி நீட்டினார். ஒரு கேள்வி வந்தபோது மட்டும் குப்புராஜ் தனக்குள் சிரித்து, கேட்காமலே எதையோ தட்டிவிட்டார். குறை ஒன்றுமில்லை என்று வந்தது. வயசுதான் காரணம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளே அண்ணி வாசலில் விழுந்து நெற்றி கிழிந்தது. வியாகுலம் மாட்டை விற்க ஆள் பார்க்கத் தொடங்கினான். தையல் பிரிக்க மறுபடி போனபோது, சிஸ்டரே குப்புராஜின் பின்னால் வந்து நின்றார். இந்தத் தடவை அந்தக் கேள்வியைக் கேட்காமல் தாண்ட முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்க ஆயா. மத்தவங்க மாத்திரை எதாச்சும் சாப்புடறீங்களா?"

"மத்தவங்களுது எனக்கு எதுக்கு? என் வூட்டுக்காரரு மாத்திரைதான்."

குப்புராஜின் கை நின்றது. "அவருதான் எறந்துட்டாரே."

"மீதி வச்சிட்டுப் போயிட்டாரு. அவரு தட்டுல மீதி வச்சா நான்தான் திம்பேன், கட்டிக்கினு வந்ததுலேர்ந்து. இத மட்டும் குப்பையில போடறதா?"

"அன்னிக்கே சொல்லக்கூடாதா ஆயா?"

"நீ எங்க கேட்ட? சிரிச்ச, தட்டுன."

சிஸ்டர் குப்புராஜைப் பார்த்தார். அவர் தலை குனிந்துகொண்டு, அண்ணி காட்டிய டப்பாவைப் பார்த்து அண்ணனின் மாத்திரைப் பெயரையும் தட்டினார். காகிதம் சத்தத்தோடு வெளியே வந்தது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கிப்போகும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும் என்று சிஸ்டர் படித்துச் சொன்னார். "அவரோடத நிறுத்திடுங்கம்மா."

அண்ணி ஜன்னல் வரை போய்த் திரும்பினார். "நிறுத்திட்டா பொம்மிடிக்குப் போவ வேணாமா?"

"தலை சுத்தலேன்னா எதுக்குப் போறீங்க?" என்றேன்.

அண்ணி மடியிலிருந்து அண்ணனின் மாத்திரை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். திரும்ப எடுத்தார். பிறகு வைத்துவிட்டு, எனக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

அந்த மாதமே சுற்றல் நின்றது. வியாகுலம் மாட்டை விற்கவில்லை.

மிக்கேலம்மாள் இப்போது ஏரியூரில், தன் வீட்டில்தான் இருக்கிறார்.