மாமா கேட்ட கேள்வி

என் அக்காவைச் சின்ன காஞ்சிபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பட்டு நெசவு. வாசல்படி ஏறியதும் தறிதான். அதைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக முடியும். மாமா தறிக்குழியில் கால் விட்டு நெய்துகொண்டிருப்பார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஊடைக்கான பட்டு நூலைக் குச்சியில் தார் சுற்றுவாள். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவள் எழுந்து உள்ளே போனால் கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம் நின்றுவிடும். "இன்னா பண்றே உள்ள?" என்று குரல் வரும். நான் அவர்களை அதற்காகவே கேலி செய்வேன்.

மூன்றாவது பிரசவத்தில் அக்காவுக்கு உதிரம் நிற்கவில்லை. பிழைத்ததே பெரிது. இன்னொன்று தாங்காது என்று லேடி டாக்டர் மாமாவிடம் சொல்லிவிட்டார். அக்காவுக்கே ஆபரேஷன் செய்யலாம் என்றால் உடம்பில் ரத்தமில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் ஊர் ஊராக நடந்தன. சிவப்பு முக்கோணம் வரையாத சுவர் கிடையாது. ஆனாலும் அந்தத் தெருவில் யாரும் போனதில்லை. ஆம்பளைத்தனம் போய்விடும், தறிக்குழியில் இறங்கி மிதிக்க முடியாது என்று பேச்சு. மாமா யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் போனார், சாயங்காலம் முகாமில் கொடுத்த பிளாஸ்டிக் வாளியோடு திரும்பி வந்தார். வாளியைப் பார்த்துத் தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

"பொண்டாட்டிக்காக எவனாச்சும் இத்தப் பண்ணிக்குவானா?" என்று அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அவ செத்துப்போனா மூணு புள்ளைங்களையும் நீ பாத்துக்குவியாம்மா?"

அதோடு வீட்டுக்குள் அந்தப் பேச்சு நின்றது. டீக்கடையில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். மாமாவும் கூடச் சிரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

இது நடந்து கொஞ்ச நாளிலேயே அக்காவுக்கு நாள் தள்ளிப்போயிற்று. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. "இன்னாடி, ஊட்டுக்காரன் வாளி வாங்கினு வந்தும் வயிறு நெறையுது?" என்று கேட்டாளாம். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அக்கா போனால் குழாயடியில் பேச்சு நிற்கும், திரும்பினால் தொடரும்.

அவள் செவிலிமேட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். "எனக்கு ஒண்ணுமே புரியலம்மா" என்று அழுதாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு நொடிதான். அக்கா அதைக் கண்டுகொண்டாள்.

"நீயுமாம்மா?"

அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் அக்கா அன்று எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை.

மாமாவும் அக்காவும் லேடி டாக்டரிடம் போனபோது நானும் உடன் போனேன். டாக்டர் கோபித்துக்கொண்டார். "ஆபரேஷன் பண்ணவுடனே எல்லாம் நின்னுடாது. முன்னாடி இருக்கறது உள்ளே இருக்கும். மூணு மாசம் ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்லலையா அங்கே?"

"அந்தக் கூட்டத்துல யாரு இன்னா சொன்னாங்கன்னு எனக்குக் காதுல விழலம்மா" என்றார் மாமா. அவர் முகம் தெளிந்துவிட்டது. அக்காவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். டாக்டர் சிரிக்கவில்லை. இந்த உடம்போடு பெற்றுக்கொள்வது ஆபத்து, கலைத்துவிடலாம், இப்போது அதற்குச் சட்டம் வந்துவிட்டது என்றார்.

"செஞ்சிடுங்கம்மா" என்றார் மாமா.

"வேணாம்" என்றாள் அக்கா.

எவ்வளவோ சொன்னோம். வெளியே வேப்பமரத்தடியில் நின்று அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். "கலைச்சா அவங்க பேசுனது நெஜம்னு ஆயிடும்டி. பெத்துத்தான் ஆவணும்."

மாமா டாக்டர் சொன்னதைத் தெருவில் எல்லாரிடமும் சொன்னார். டீக்கடையிலும் சொன்னார். "டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களா? அப்ப சரிதான்பா" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். அவர் எத்தனை தரம் சொன்னாரோ அத்தனை தரமும் அது பொய்யாகவே ஒலித்தது. பிறகு டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். அக்கா உள்ளே போனாலும் தறிச் சத்தம் நிற்பதில்லை.

பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அக்கா அதைச் சொன்னாள். ஒரு மத்தியானம், பிள்ளைகள் வீட்டில் இல்லை. மாமா நெய்வதை நிறுத்திவிட்டு, தலையைத் திருப்பாமலே கேட்டிருக்கிறார். "ஊரு பேசறத நான் நம்பல. ஆனா உன் வாயால ஒரு தபா சொல்லிடு. என் புள்ளதானே?"

"நீ என்ன சொன்னேக்கா?"

"ஒண்ணும் சொல்லல. கையில இருந்த தாரைச் சுத்தி முடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன்."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா சொல்றப்போ அவரும் பக்கத்துலதான இருந்தாரு? அதுக்கு மேல நான் இன்னா சொல்லணும்?" அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வலி வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாமா ரத்தம் கொடுத்தார். டாக்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். பெண் குழந்தை. இந்த முறையும் உதிரம் நிற்கவில்லை. துணியில் சுற்றிய குழந்தையை நான் அக்காவின் முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

"யாரு மாதிரி இருக்குது?" என்று கேட்டாள்.

பிறந்த குழந்தை யார் மாதிரியும் இருக்காது. "மாமா மாதிரிக்கா" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் போய்விட்டாள்.

தெருவே திரண்டு வந்து அழுதது. மகராசி, பத்தினி என்றெல்லாம் ஒப்பாரி வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரி எல்லாரையும்விட உரக்க அழுதாள். குழந்தை பசியில் வீறிட்டபோது யாரும் சொல்லாமலே வந்து வாங்கிக்கொண்டு போய்த் தன் கைக்குழந்தையோடு சேர்த்துப் பால் கொடுத்தாள். நான் பிடுங்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த மாதங்களில் ஒரு வேளை தவறாமல் அவளேதான் கொடுத்தாள். அந்தப் பால் இல்லாவிட்டால் குழந்தை தேறியிருக்காது. அந்த வாய் இல்லாவிட்டால் அக்கா அன்று டாக்டர் சொன்னதைக் கேட்டிருப்பாள். இந்த இரண்டையும் ஒருத்தியிடம் வைத்துப் பார்க்க எனக்கு இந்த வயதிலும் தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் பெரியவர்கள் என்னை மாமாவுக்கே கட்டிவைத்துவிடலாம் என்றார்கள். மாமா வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அன்று அவர் எங்கள் அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு தபாதான் கேட்டேன் அத்தை."

ஒரு நொடி மகளைப் பார்த்த அந்தப் பார்வையை அம்மாவும் சுமந்துகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். "நாம எல்லாருந்தான்பா கேட்டோம்" என்றாள்.

மாமா என்னிடம் திரும்பினார். "உங்கிட்ட எதாவது சொன்னாளாம்மா?"

"உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா மாமா" என்றேன். அக்கா அப்படிச் சொல்லவில்லை. அவர் நம்பவுமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

நான்கு பிள்ளைகளையும் அவர் தறியிலிருந்தே வளர்த்தார். கடைசிப் பெண்ணை ஓரிக்கையில் கட்டிக் கொடுத்தோம். தன் அம்மாவைப் பற்றி என்னிடம் நிறையக் கேட்பாள். எப்படிச் சிரிப்பாள், எனக்கு அவள் சாயல் உண்டா என்றெல்லாம். கேட்டதற்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். எப்படிப் போனாள் என்று கேட்டால், பிரசவத்தில் என்று மட்டும் சொல்லுவேன்.